கானீ என்றொரு ஒப்புதல்

எனக்குக் குழி பறித்தவன் சித்தூரில் இருக்கிறான். நான் திருப்பதியில் இருக்கிறேன். பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் அவன் ஊர் வந்துவிடும். ஒரு காலத்தில் அவன் வீட்டில் நான் சாப்பிடுவதும் என் வீட்டில் அவன் சாப்பிடுவதும் யாரும் கணக்கு வைத்துக்கொள்ளாத காரியமாக இருந்தது. இப்போது பேருந்து நிலையத்தில் கண்டக்டர் “சித்தூர், சித்தூர்” என்று கூவுவதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. கண்டக்டர் என்ன செய்வார், பாவம்.

இருவரும் திருப்பதியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான் வடமாலபேட்டைப் பக்கம். அவன் கார்வேட்டிநகரத்தை ஒட்டிய ஒரு கிராமம். இரண்டு வீட்டிலும் தமிழ்தான். ஆனால் எங்கள் தமிழை மெட்ராஸ்காரன் கேட்டால் தெலுங்கு என்பான், கர்னூல்காரன் கேட்டால் தமிழ் என்பான். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், வாத்தியார் தெலுங்கில் திட்டுவார், வாத்தியாரை நாங்கள் தமிழில் திட்டுவோம். எந்த வார்த்தை எந்த மொழியிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்துப் பேசியதில்லை. யோசித்திருக்கலாம் என்று பிற்பாடு தெரிந்தது.

கல்லூரியில் இருக்கும்போதே ஒரு திறமூல மென்பொருள் திட்டத்தில் நாங்கள் சேர்ந்துவிட்டோம். திறமூலம் என்றால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். எங்களுடையது கட்டுகிற மென்பொருள். நிரல் எழுதுகிறவர்கள் எழுதியது ஏகப்பட்ட கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும். எதை முதலில் எடுப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று பார்த்து, ஓடுகிற மென்பொருளாக அதைக் கட்டித் தரவேண்டும். அதைத்தான் பில்ட் என்பார்கள். பில்ட் ஒழுங்காக நடந்தால் எங்களை நாய் கூட மதிக்காது. நடக்கவில்லை என்றால் உலகத்தில் உள்ள அத்தனை மொழியிலும் திட்டு விழும்.

“சம்பளமே இல்லாம இன்னாத்துக்குடா அதும் முன்னாடி உக்காந்துகினு கீறே?” என்று நைனா கேட்பார். அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ‘உன் வேலை என்ன’ என்று யாராவது கேட்டால் வாய் ஒன்றைச் சொல்லும், மனசு இதைத்தான் சொல்லும். அதை நைனாவுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். உடைக்கும் மாற்றங்களைத் திட்டமிடுகிற பொறுப்பு. கேட்பதற்கு வில்லங்கமாக இருக்கும். விஷயம் சாதாரணம். எந்த மென்பொருளிலும் பழைய வழி, புதிய வழி என்று இரண்டு சேர்ந்துவிடும். பழையதை விட்டுவைத்தால் புதியதைச் சரியாகச் செய்ய விடாது. எடுத்துவிட்டால் அதை நம்பி இருக்கிறவர்களின் வேலை அன்றைக்கே நின்றுபோகும். ஆகவே யாருக்கு அடி விழும், அவர்களிடம் எப்போது சொல்வது, அவர்கள் மாறிக்கொள்ள என்ன உதவி செய்வது, தவறிப்போனால் திரும்பி வர வழி என்ன என்று எல்லாம் யோசித்து ஒருவர் எழுதவேண்டும். அந்த ஒருவர் நான். எங்கள் இருவருக்குள் இதற்குப் பெயர் ‘உடைப்பு’. “இந்தத் தபா இன்னா உடைப்பு?” என்று அவன் கேட்பான், கல்யாண வீட்டில் பந்தி என்ன என்று விசாரிக்கிற மாதிரி.

திட்டத்துக்குத் தலைமை ஒரு பெண்மணி. ஐரோப்பாவில் எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் இருந்தார். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. இந்தப் பொறுப்புக்கு என் பெயரைச் சொன்னபோது அவர் எல்லாருக்குமான மெயிலில் ஒரு வரி எழுதினார்: இவர் யாரிடமும் சொல்லாமல் எதையும் உடைக்கமாட்டார். அதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பிறந்தது சத்தியவேடு, திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தெலுங்கு டீச்சர். “வீட்ல மட்டும் டம்ளர், தட்டுன்னு எதயும் சொல்லிட்டா உடைக்கிறீங்க?” என்றாள். ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். எனக்கோ அந்த ஒரு வரி போதும், வேறு பட்டம் வேண்டாம் என்றிருந்தது.

உடைப்புக்கு இரண்டு கை வேண்டும் என்பது திட்டத்தின் வழக்கம். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் துணை நிற்க வேண்டும். துணை நிற்பவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் உள்ளே போகும். என் துணை அவன்தான். வேறு யாரையும் கேட்கத் தோன்றியதே இல்லை. அவன் சென்னையில் அலுவலகம் உள்ள ஒரு கம்பெனிக்குச் சித்தூரில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் கம்பெனிகளில் எல்லாம் அவனுக்கு ஆள் தெரியும். ஆகவே எழுதுவதும் நிரலை வெட்டுவதும் என் பாடு. ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களைத் தயார் செய்வது அவன் பாடு.

இந்த ஏற்பாட்டில் அவன் கம்பெனியிலும் சொல்ல வேண்டியவன் அவன்தான். இதைத் தனியாகச் சொல்லக்கூட வேண்டுமா என்ன? அப்படித்தான் நான் நினைத்தேன்.

அந்தத் தடவை நாங்கள் எடுத்த உடைப்பு பெரியது. எங்கள் மென்பொருளுக்கு ‘இதை இப்படிக் கட்டு’ என்று சொல்வதற்கு ஒரு கோப்பு எழுதவேண்டும். அந்தக் கோப்பைப் பழைய முறையிலும் எழுதலாம், புதிய முறையிலும் எழுதலாம். பழைய முறையைப் படிக்கும் பகுதி ஓட்டை உடைசலாகிவிட்டது. ஒரு பிழையைத் திருத்தினால் வேறு எங்கோ ஒன்று முளைக்கும். அதை முழுசாக எடுத்துவிடுவது என்று திட்டம் எழுதினேன். ஒரு வெளியீட்டில் எச்சரிக்கை மட்டும் காட்டுவோம். பழைய கோப்பைப் புதியதாக மாற்றித் தரும் ஒரு கருவியும் கூடவே கொடுப்போம். அதற்கு அடுத்த வெளியீட்டில் பழையது இருக்காது. எச்சரிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நானே படிக்கிறவன் இல்லை. அதனால்தான் பெரிய கம்பெனிகளிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று திட்டத்தில் தனியாக ஒரு பத்தி எழுதி, அதன் எதிரே அவன் பெயரைப் போட்டேன்.

அவனும் சொல்லிக்கொண்டு வந்தான். “அவங்ககிட்ட பேசிட்டேன், மாறிக்கினாங்க. இவங்களும் சரின்ட்டாங்க” என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். நானும் நம்பினேன். உண்மையாகவே மற்ற எல்லா இடத்திலும் பேசித்தான் இருந்தான். அவன் பேசாமல் விட்ட இடம் ஒன்றே ஒன்று. அது அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற இடம்.

எச்சரிக்கை வெளியீடு போய், பழையதை எடுக்கும் வெளியீட்டு நாள் காலை. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவனுக்கு போனில் செய்தி அனுப்பினேன்: எல்லாருக்கும் சொல்லியாச்சா, பழையதை எடுத்துடவா? எங்கள் செய்திகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரே வார்த்தை.

கானீ.

தெலுங்கு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கானீ என்றால் ‘நடக்கட்டும், ஆரம்பி’ என்று அர்த்தம். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் வாயிலும் இது புழங்கும். இவன் வாயில் கொஞ்சம் அதிகமாகவே புழங்கும். ஹோட்டலில் இன்னொரு பெசரட்டு தோசை சொல்லட்டுமா என்றால், கானீ. கேரம் ஆட உட்கார்ந்தால், கானீ. அவனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, பேசி முடித்துவிடலாமா என்று அவன் நைனா கேட்டதற்கும் இவன் சொன்ன பதில் இதுதான். பெரியவர் அரை மணி நேரம் சிரித்தார். எங்களுடைய முந்தைய உடைப்புகளுக்கும் இதே வார்த்தையைத்தான் அனுப்பியிருந்தான், நானும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டுதான் வேலையை முடித்திருந்தேன்.

அதே தெலுங்கில் கானீ என்றால் ‘ஆனால்’ என்றும் அர்த்தம் உண்டு.

அன்றைக்கு இந்த இரண்டாவது அர்த்தம் என் மனதின் ஓரத்தில்கூட எட்டிப் பார்க்கவில்லை. திட்டத்தின் பக்கத்தில் ‘துணையின் ஒப்புதல் கிடைத்தது’ என்று எழுதினேன். மாற்றத்தை உள்ளே விட்டேன். மனைவிக்கும் எனக்கும் காபி போட்டேன். அன்று சாயங்காலம் வரை நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

முதல் புகார் அவன் கம்பெனியிலிருந்து வந்தது. அவன் எழுதவில்லை, அங்கே இருக்கும் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அவர்களுடைய எந்த மென்பொருளும் கட்ட வரவில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் இப்படிச் செய்யலாமா, இது பொறுப்பான திட்டமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு புகார் வந்தால் போதும், அதன் கீழே பத்துப் பேர் வந்து நின்றுகொள்வார்கள். எச்சரிக்கையைப் படிக்காதவர்கள் எல்லாம் அவரவர் பங்குக்குக் கத்தினார்கள். நான் அவனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து அவன் மனைவிக்குப் போட்டேன். “மீட்டிங்ல கீறாருண்ணா, கதவு சாத்திக்கினு” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தலைமைப் பெண்மணி எல்லாரையும் வீடியோவில் கூட்டினார். அவனும் வந்தான். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். என் முகத்துக்குப் பக்கத்திலேயே அவன் முகம். அந்த அம்மாள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவருக்குக் குரலை உயர்த்தவே தெரியாது. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: பெரிய பயனர்களிடம் சொல்லிவிட்டதாகத் திட்டத்தில் இருக்கிறது, துணையின் ஒப்புதல் வந்ததாகவும் இருக்கிறது, பிறகு எப்படி இப்படி ஆனது?

நான் வாயைத் திறக்கும் முன் அவன் பேசினான். ஆங்கிலத்தில்தான். நிதானமாக, மரியாதையாக, வருத்தப்படுகிற குரலில் பேசினான்.

“நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் அனுப்பியது எங்கள் மொழியில் ‘ஆனால்’ என்று பொருள்படும் சொல். என் கம்பெனி இன்னும் தயாராக இல்லை என்று அதற்கு மேல் எழுதத் தொடங்கியிருந்தேன். அதற்குள் ஒரு அழைப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் அவர் பழையதை எடுத்துவிட்டிருந்தார்.”

எனக்கு முதலில் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறான் என்று யோசித்தேன். புரிந்ததும் காது இரண்டும் சுட்டது. நான் ஏதேதோ பேசினேன். இவன் எப்போதும் அந்தச் சொல்லை அனுமதியாகத்தான் சொல்வான் என்றேன். பெசரட்டு கதையைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். உலகத்தின் நாலா பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? நான் பேசப் பேசக் கோமாளி ஆனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு அவன்தான் அடிபட்டவன் போலத் தெரிந்திருப்பான்.

அமெரிக்காவில் இருக்கும் தெலுங்குக்காரர் ஒருவர் திட்டத்தில் உண்டு. தலைமை அம்மாள் அவரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். நல்ல மனிதர். “இரண்டு அர்த்தமும் சரிதான். எழுத்தை மட்டும் வைத்து எது என்று சொல்லமுடியாது” என்றார். நேர்மையான பதில்தான். அந்த நேர்மை என் தலையில் இடியாக விழுந்தது.

முடிவு மெயிலில் வந்தது. மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறோம். உடைக்கும் மாற்றங்களைத் திட்டமிடும் பொறுப்பிலிருந்து நான் கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். இதுவரை செய்ததற்கெல்லாம் மிகவும் நன்றி. இனிமேல் ஒப்புதல் என்பது திட்டத்தின் பக்கத்திலேயே, ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக இருக்கவேண்டும். வருடக்கணக்காகப் பாடுபட்டதற்கு இந்த ஒரு விதிதான் என் நினைவுச் சின்னம். புதிதாகச் சேர்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இது எதற்கு இப்படி ஒரு விதி என்று கேட்பார்கள் போலிருக்கிறது. யாராவது கதை சொல்வார்கள். அந்தக் கதையில் நான் அவசரக்குடுக்கை.

கடைசி வரியில் புதுப் பொறுப்பாளரின் பெயர் இருந்தது. முன்யோசனையுடன் நடந்துகொண்டதற்காக அவனுக்குக் கொடுத்தார்கள். கம்பெனிகளிடம் சொல்லும் வேலைக்கு எதிரே யார் பெயர் இருந்தது என்று யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மெயிலை மனைவியிடம் காட்டினேன். அவள் கூட்டத்தில் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு டீச்சர் மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, அவரு உங்ககிட்ட தமிழ்ல பேசுறப்ப ‘ஆனா’வுக்கு இன்னா சொல்வாரு?”

“ஆனான்னுதான்.”

“தெலுங்குல பேசுறப்ப?”

யோசித்தேன். அப்போதும் ‘ஆனா’தான். முழுத் தெலுங்கில் போய்க்கொண்டிருக்கும் பேச்சில்கூட நாங்கள் எல்லாம் நடுவில் ‘ஆனா’வைத்தான் செருகுவோம். கல்லூரியில் தெலுங்குப் பையன்கள் அதைச் சொல்லித்தான் எங்களைக் கிண்டல் செய்வார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவனுக்கு எத்தனை மொழி வந்தாலும் இந்த ‘ஆனா’ விட்டுப் போகாது. “அப்ப தெரிஞ்சுதான் சொல்லிக்கீறாரு” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அதுவரை எனக்குள் ஒரு மூலையில், ஒருவேளை நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. ஆசை என்றுதான் சொல்லவேண்டும். தப்பு என்னுடையதாக இருந்திருந்தால் அவன் எனக்கு மிஞ்சியிருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போனேன். மாம்பழக் காலம். கூழ் தொழிற்சாலைகளுக்குப் பழம் ஏற்றிய டிராக்டர்கள் சாலை ஓரம் முழுக்க வரிசையாக நின்றன. வெயிலில் பழுத்து வெடித்த பழங்களின் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவன் மனைவி கதவைத் திறந்து, “வாங்கண்ணா, இன்னா ஆளயே காணோம்” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தட்டில் பழம் நறுக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் அவன் வேலை செய்கிற அறையில் உட்கார்ந்தோம்.

“உங்க ஆபீஸ்ல நீ சொல்லவே இல்ல. அதானே?” என்றேன்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“அத வுடு. கானீன்னு எதுக்கு அனுப்ச்சே?”

“ஆனான்னுதான்டா அனுப்ச்சேன்.”

“உன் வாய்லேர்ந்து ‘ஆனா’வுக்கு ஒருநாளாச்சும் கானீன்னு வந்துகீதா?”

“வாய்ல வர்றது வேற, டைப் பண்றது வேற.”

நான் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “இங்க அந்தம்மா இல்ல. உங்க மேனேஜர் இல்ல. நீயும் நானும்தான் கீறோம். வேலை போயிடும்னு பயந்துட்டேன்டா, அதான் அப்டி சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் எங்கயும் போய் சொல்லமாட்டேன். அந்தப் பொறுப்ப நீயே வெச்சுக்கோ.”

நான் கேட்டது அவ்வளவுதான். அவன் பயந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வீட்டுக் கடன், பெண் குழந்தை, இந்தச் சித்தூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைச் சம்பளம் வாங்குகிற வேலை, இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கூட்டத்தில் என்னைக் கைவிட்டதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அவன் தட்டில் இருந்த பழத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து, அதே நிதானத்தோடு, அதே வருத்தக் குரலில் சொன்னான்.

“நான் ஆனான்னுதான்டா போட்டேன்.”

“காணிப்பாக்கம் இங்கதானே கீது. வா, வந்து அங்க சொல்லு” என்றேன்.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. நிலத்தகராறோ, திருட்டுப் பழியோ, குளத்தில் முழுகிவிட்டுச் சன்னதியில் நின்று ‘இல்லை’ என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேறு கோர்ட் தெரியவில்லை. அவன் சிரித்தான். “சாஃப்ட்வேருக்கெல்லாமா சத்தியம் பண்ணுவாங்க? கேட்டா சிரிப்பாங்கடா. பழம் துன்னு” என்றான்.

வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சிரித்தான். எனக்கு அது போதும். பழத்தைத் தொடாமல் எழுந்து வந்தேன். வாசல்வரை வந்த அவன் மனைவி, ஏன் சாப்பிடாமல் போகிறேன் என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அவளிடம் பொய் சொன்னது எனக்குக் கூச்சமாக இருந்தது, அவனுக்கு என்னிடம் அதுகூட இல்லை.

அதற்குப் பிறகு திட்டத்திலிருந்து விலகிவிடவேண்டும் என்று பலமுறை நினைத்தேன். விலகவில்லை. சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக்கொண்டு ஒரு ஓரத்தில் இருந்தேன். பொறுப்பு போனதைவிட, என் மெயிலுக்கு எல்லாரும் பதில் எழுதும் தொனி மாறியதுதான் அதிகம் உறுத்தியது. ‘இதை இன்னொருவரும் பார்த்துவிட்டாரா?’ என்று மென்மையாகக் கேட்பார்கள். முன்பு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் கம்பெனி பழைய முறையைக் கைவிட்டுப் புதியதற்கு மாறிவிட்டது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டேன். நான் எழுதிய, மாற்றித் தரும் கருவியைத்தான் பயன்படுத்தினார்களாம்.

அடுத்த மாம்பழக் காலத்துக்குள் புதுத் திட்டம் ஒன்று பொதுப் பக்கத்தில் வந்தது. பழைய கோப்பு முறையை எடுத்துவிடுவது பற்றி. முன்மொழிபவர், அவன்.

நான் அதை முழுக்கப் படித்தேன். படிக்க என்ன இருக்கிறது, எல்லாம் என்னுடையது. பத்திகளின் வரிசை என்னுடையது. எச்சரிக்கை, மாற்றித் தரும் கருவி, திரும்பி வரும் வழி எல்லாம் என்னுடையவை. நான் ஒரு ஆங்கிலச் சொல்லை எப்போதும் தப்பாக எழுதுவேன், அந்தத் தப்பும் அப்படியே இருந்தது. பெரிய கம்பெனிகளிடம் சொல்லவேண்டும் என்ற பத்தியை மட்டும் நீட்டியிருந்தான். அதன் எதிரே ‘முடிந்தது’ என்று போட்டிருந்தான். இந்தத் தடவை அது உண்மைதான். அவனுடைய கம்பெனிதான் ஏற்கெனவே மாறிவிட்டதே. கீழே துணை நிற்பவர் என்ற இடத்தில் என் பெயர். பழைய பகுதியின் உள்விவகாரம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று தலைமை அம்மாள்தான் போடச் சொல்லியிருந்தார். நான் ஒப்புக்கொண்டால் நடக்கும். மறுத்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அவன் பொறுப்பேற்று எடுத்த முதல் பெரிய காரியமும் அதோடு கவிழ்ந்துவிடும்.

“மாட்டேன்னு எழுதுங்க. அவருக்கும் தெரியட்டும்” என்றாள் மனைவி. அவள் சொன்னதில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. மறுக்கக் காரணம் தேடினேன். நாலைந்து காரணங்களும் கிடைத்தன, ஒவ்வொன்றும் வாதாடத் தோதானது. எல்லாம் பொய். திட்டம் சரியாக இருந்தது. நான் எழுதியது, எனக்குத் தெரியாதா? அவன் மேல் இருக்கும் ஆத்திரத்தில் அதைக் கெடுத்தால் கெடுவது என் வேலைதான்.

ஆகவே பக்கத்திலேயே, ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக எழுதினேன். இந்தத் திட்டத்தை முழுவதும் படித்தேன், இதை நான் ஒப்புக்கொள்கிறேன், இப்படியே செய்யலாம். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தும்படி கேட்டுக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. அவனிடமிருந்து போன் வந்தது. சித்தூரில் அந்த அறையில் பேசியதற்குப் பிறகு முதல் தடவை. எடுக்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“நீ ஒத்துக்குவேன்னு நான் நினைக்கவே இல்லடா” என்றான்.

“திட்டம் நல்லாத்தானே கீது. யாரு எழுதினது?”

அவன் பக்கம் டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறான் போல. பிறகு, கூட்டத்தில் பேசிய குரலும் இல்லாமல், அறையில் பேசிய குரலும் இல்லாமல், கல்லூரியில் பரீட்சை முடிவு வரும் நாளில் பேசுகிற குரலில் சொன்னான்.

“நீ மாட்டேன்னு போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்டா. சரி, நான் ஒண்ணு பண்ணேன், நீயும் ஒண்ணு பண்ணிட்டே, சரியாப் போச்சின்னு நாளைக்கே கெளம்பி உன் வீட்டுக்கு வந்திருப்பேன்.”

அவன் செய்ததை அவன் வாயால் ஒப்புக்கொண்டது இந்த ஒரே தடவைதான். இதைக் கேட்கத்தானே அன்றைக்குப் பஸ் ஏறிப் போனேன். இப்போது கேட்டும் எனக்குள் ஒன்றும் இளகவில்லை.

“அந்த நிம்மதிய நான் ஏன்டா உனக்குக் குடுக்கணும்?” என்றேன்.

நான்தான் போனை வைத்தேன்.